மூவலூர் ராமாமிர்தம்: திட்டத்தில் பெயர், நாவலில் குரல்

காவாந்தண்டலத்திலிருந்து உத்திரமேரூர் போகிற பஸ்ஸில் கல்லூரி மாணவி ஒருத்தி, "புதுமைப் பெண் காசு ஏறிடுச்சாடி?" என்று தோழியிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். அந்தத் திட்டத்தின் பெயரில் இருக்கிற மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் யாரும்மா என்று கேட்டேன். "யாரோ பழைய தலைவர் போல சார்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். நாம எப்போ சொல்லிக் கொடுத்தோம்?

ராமாமிர்தம் (1883–1962) சிறு வயதில் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் தேவதாசி ஒருவரிடம் விற்கப்பட்டதாக அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகவே பிறகு வாழ்நாளைச் செலவழித்தார். காங்கிரசில் இருந்தவர், 1925 காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் வெளியேறியதும் அவர் பக்கம் போனார். 1938-ல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையில் நடந்தார்; சிறைக்கும் போனார்.

1936-ல் வந்த அவருடைய நாவல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. தலைப்பிலேயே எனக்கு ஒரு சிக்கல் இருக்கு. மோசம் தாசிகளுடையது, மதி மைனருடையதா? வலையை விரித்தது யார், அதில் லாபம் பார்த்தது யார் என்ற கேள்வியைத் தலைப்பு மறைத்துவிடுகிறது. தேவதாசி ஒழிப்பு மசோதாவை எதிர்த்த பெங்களூர் நாகரத்தினம்மா போன்றவர்களின் வாதத்துக்கும் இந்த நாவலில் நியாயமான இடம் இல்லை. ஆனா உள்ளே போய்ப் படிச்சா வேற கதை. அந்தத் தொழிலை விட்டு வெளியே வந்த பெண்கள்தான் அங்கே யோசிக்கிறார்கள், திட்டம் போடுகிறார்கள், மற்றவர்களைத் திரட்டுகிறார்கள். யாரோ வந்து மீட்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பிரச்சார நெடி அடிக்கும் இந்த நாவலை இன்றும் படிக்க வைப்பது இதுதான்.

அரசு அவர் பெயரை எதில் வைத்தது? 1989-ல் திருமண உதவித் திட்டத்தில். 2011-ல் அதோடு தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. 2016-ல் அது 8 கிராம் ஆனது. ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. படிப்பையும் நிபந்தனையாக வைத்ததால் சில பெண்கள் பள்ளியில் நீடித்திருக்கலாம். ஆனாலும் தாலியையே கேள்வி கேட்ட இயக்கத்தில் இருந்தவர் பெயரில் தாலித் தங்கம்! 2022-ல் அதை உயர்கல்வித் திட்டமாக மாற்றியபோதுதான் பெயர் பொருந்தியது.

பெயர் பொருந்திவிட்டது, சரி. குரல்? பத்து ரூபாய்க்கு விற்கப்பட்ட குழந்தையின் பெயரில் இன்று ஒரு பெண்ணின் வங்கிக் கணக்கில் ஆயிரம் ரூபாய் ஏறுகிறது. அந்த ஆயிரத்தோடு அந்த நாவலும் அவள் கைக்குப் போகணும். அவளும் அதைக் குறை சொல்லியே படிக்கட்டும்.