பொறுத்து ஓட்டிய ஹரித்

2024 ஜனவரியில் சவுதி பாலைவனத்தில் நடந்த டக்கார் ராலியில், ராலி-2 பிரிவின் முதலிடம் ஹரித் நோவாவுக்கு. மோட்டார் சைக்கிள்களின் ஒட்டுமொத்தப் பட்டியலில் 11-ம் இடம். அதற்கு முன் எந்த இந்தியரும் அவ்வளவு தூரம் ஏறியதில்லை. அணி ஷெர்கோ டிவிஎஸ். நம் ஓசூர் கம்பெனியின் பெயர் அந்த வண்டியில் இருந்தது.

ஷொரணூர்க்காரர். அம்மா ஜெர்மானியர். ஜெர்மனியில் மண் தடத்து பைக் பந்தயத்துக்கு நீண்ட மரபு உண்டு. பிரேக்கே இல்லாத 500 சிசி வண்டியில் நாலு சுற்று ஓடும் ஸ்பீட்வேயில், 1983-ல் நோர்டனில் எகோன் முல்லர் ஐந்து ஓட்டங்களையும் வென்று உலகச் சாம்பியன் ஆனார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். முதல் வளைவில் முந்தியவர் கையில் பாதிப் பந்தயம். ஹரித் ஐந்து முறை தேசியப் பட்டம் வென்ற சூப்பர்கிராஸும் அதே ரகம். கேட் விழுந்ததும் பாயவேண்டும், தயங்கினால் போச்சு.

டக்காரில் அந்தப் பாய்ச்சல்தான் ஆளைக் கவிழ்க்கும். இரண்டு வாரம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். நின்றபடி ஓட்டிக்கொண்டே, ஹேண்டில்பாருக்கு மேலிருக்கும் வழிக்குறிப்பைப் படிக்க வேண்டும். மணல்மேட்டு உச்சியில் ஆக்சிலரேட்டரைத் தளர்த்த வேண்டும். அந்தப் பக்கச் சரிவு எவ்வளவு என்று ஏறும்வரை தெரியாது. 2020-ல் 31-ம் இடம், 2021-ல் 20. அடுத்த இரண்டு ஆண்டும் ராலியை முடிக்கவே முடியவில்லை. 2024-ல் 48 மணி நேரக் கட்டம் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள்: மாலை நாலு மணிக்கு எங்கே இருந்தாலும், அடுத்த முகாமில் நின்றுவிட வேண்டும், மற்றவர்கள் எவ்வளவு முன்னால் என்ற தகவல் கிடையாது. ஹரித் அதையும் நிதானமாகக் கடந்தார். அவர் வேகத்தில் எனக்கு என்றுமே சந்தேகம் இல்லை. அந்த ஆண்டு நான் வியந்தது அவர் பொறுமையை.

2025-ல் முன்னோட்டச் சுற்றிலேயே விழுந்து, மணிக்கட்டு முறிந்து விலகினார். டக்கார் அப்படித்தான், யாருக்கும் இரக்கம் காட்டாது.

இப்படி ஓட்டக் கற்க நம் பையன்களுக்கும் ஓர் இடம் வேண்டும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் காடுகளுக்கு நடுவே நல்ல செம்மண் பூமி இருக்கிறது. அங்கே ஒரு மோட்டோகிராஸ் தடம் போட, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஓசூர் கம்பெனியும் மனது வைக்க வேண்டும். சாலையில் உயிரைப் பணயம் வைத்து வண்டியை முறுக்கும் நம் கடலூர், சிதம்பரம் பையன்கள், ஹெல்மெட்டோடும் பயிற்சியாளரோடும் அங்கே முறுக்கட்டும்.