ஆளுக்கு ஐந்து திர்ஹம்: ஜாஹிழ் காட்டும் வீட்டுக்காரர்

நகரங்கள் தோன்றிய நாள்தொட்டு, அவற்றின் நடுவிடத்தில் குறைந்த வாடகைக்கு ஒதுங்க ஓரிடம் தேடுவோரும் அவ்விடத்தைத் தம் கையில் வைத்திருப்போரும் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கியே வந்துள்ளனர். வாடகை வீட்டின் தொல்லைகளைக் கூறும் கதைகளும் கட்டுரைகளும் நம் தமிழிற் பல. அவற்றுட் பெரும்பாலானவற்றில் வீட்டுக்காரர் இரக்கமற்றவர், குடியிருப்பவர் பரிதாபத்துக்குரியவர். வழக்குத் தொடங்குமுன்னரே தீர்ப்பு எழுதப்பட்டு விடுகிறது. வீட்டுக்காரரின் வாய்க்கே முழுப் பேச்சையும் கொடுத்து, அவர் தம் கட்சியைச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாது நின்ற எழுத்து அரிது. அத்தகைய எழுத்தொன்று அரபு மொழியில் ஏறத்தாழ ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியுள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பஸ்ரா நகரத்துப் பேரறிஞர் ஜாஹிழ் அவர்களின் ‘கிதாபுல் புகலா’, அதாவது உலோபிகளைப் பற்றிய நூல், அரபு உரைநடையின் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. ஹிஜ்ரி 255இல் மறைந்த ஜாஹிழ், ‘கிதாபுல் ஹயவான்’, ‘அல் பயான் வத் தப்யீன்’ ஆகிய பெருநூல்களாலும் புகழ் பெற்றவர். புகலா நூலை 1900இல் லெய்டன் நகரில் வான் ஃப்ளோட்டன் அச்சேற்றினார். 1948இல் கெய்ரோவில் தாஹா அல் ஹாஜிரீ ஆராய்ந்து பதிப்பித்தார். நம் அரபுக் கல்வியாளரிடையே இந்நூலின் பெயர் அறிமுகமே. எனினும், சிரிப்பதற்குரிய துணுக்குகளின் தொகுதி என்று இதனை ஒதுக்கிவிடும் வழக்கம் உண்டு. அவ்வழக்கம் நீதியன்று என்பதற்கு இதிலுள்ள கிந்தீயின் வரலாறு ஒன்றே போதிய சான்றாகும்.

கிந்தீ என்பவர் வீடுகளை வாடகைக்கு விடுபவர். இவர் புகழ்பெற்ற தத்துவஞானி கிந்தீதாமா, வேறொருவரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது நம் ஆய்வுக்குத் தடையன்று. அவர் வீட்டில் ஓராண்டுக்கு மேல் குடியிருந்த மஅபத் என்பவர் தம் அனுபவத்தைக் கூறுவதாக ஜாஹிழ் இதனை அமைக்கிறார். வாடகையன்றிக் குடியிருப்போர் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளும் சில இருந்தன. அவர்கள் வளர்க்கும் கால்நடைகளின் சாணமும் புழுக்கையும் தீவன மிச்சமும் வீட்டுக்காரருக்கு உரியவை. எலும்பையோ குப்பையையோ வெளியே எறிதல் கூடாது. பேரீச்சங் கொட்டைகளும் மாதுளைத் தோலும் அவருக்கே. அன்றியும், தம் வீட்டில் கருவுற்ற பெண்ணொருத்தி இருப்பதாகக் கூறி, அங்குச் சமைக்கப்படும் ஒவ்வொரு சட்டியிலிருந்தும் ஓர் அகப்பை உணவு அவர் வீட்டுக்குச் சென்றாக வேண்டும் எனவும் விதித்திருந்தார். அவருடைய பேச்சின் இனிமைக்காக மக்கள் இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டனர் என்கிறார் ஜாஹிழ்.

இந்நிலையில் மஅபதின் சிறிய தந்தையார் மகனொருவர் தம் மைந்தனுடன் வந்து தங்குகிறார். உடனே கிந்தீயிடமிருந்து சீட்டு வருகிறது. ஓரிரு இரவுகளானால் பொறுத்துக்கொள்வோம் என்பது அதன் கருத்து. ஏறக்குறைய ஒரு மாதம் தங்குவர் என மஅபத் விடையெழுதுகிறார். அடுத்த சீட்டில் கணக்கு வருகிறது. வீட்டின் வாடகை 30 திர்ஹம். நீங்கள் இருப்பது 6 பேர். ஆகவே தலைக்கு 5 திர்ஹம். இருவர் கூடியமையால் 10 திர்ஹம் கூட வேண்டும். இன்றுமுதல் வாடகை 40. வந்தவர்களின் உடற்சுமையைத் தாங்குவது மலைகளையே தாங்கும் பூமி. அவர்களின் உணவுச் சுமை என்னுடையது. உமக்கென்ன நட்டம் என மஅபத் வினவுகிறார். அவ்வினாவுக்கு விடையாக வரும் நீண்ட கடிதமே இப்பகுதியின் உயிர்நாடி.

கிந்தீ அடுக்கும் காரணங்களைக் காண்போம். ஆட்கள் கூடினால் கழிவுக் குழி விரைந்து நிரம்பும். அதனை அள்ளக் கூலி வேண்டும். பாதங்கள் கூடினால் மண் பூசிய மாடியும் காரை பூசிய தரையும் பெயரும், படிகள் உடையும். திறப்பதும் மூடுவதும் கூடினால் கதவு பிளக்கும், தாழ்ப்பாள் கழன்றுவிடும். சிறுவர் கூடினால் ஆணிகள் பிடுங்கப்படும். விளையாட்டுக்காகத் தரையிற் குழி தோண்டப்படும். சுவர்களில் முளைகள் அறையப்படும். நீர்ச் சாடிகள் பெருகிக் கசிவு அடித்தளத்தை அரிக்கும். அடுப்புகளும் விளக்குகளும் பெருகினால் தீயச்சம் பெருகும். இத்தோடு நில்லாமல் குடியிருப்போரின் குணத்தையும் அவர் பேசுகிறார். உரலிருக்கத் தரையில் வைத்து இடிப்பர். வாடகையைத் தவணை கடத்துவர். பல மாத நிலுவை சேர்ந்ததும் இரவோடிரவாகக் காலி செய்வர். துப்புரவாகப் பெற்ற வீட்டைக் குப்பைமேடாக விட்டுச் செல்வர் என்பன அவர் முறையீடுகள்.

இதனைப் படித்துச் சிரிப்பவர் பலர். நாமோ, சிரிப்பு அடங்கிய பின் மீண்டுமொரு முறை படிக்க வேண்டும் என்போம். இக்கூற்றுகளில் பொய் எது? குழி நிரம்புவது உண்மை. கதவு தேய்வது உண்மை. வீட்டை வாடகைக்கு விட்டவர் எவரும் இக்கடிதத்தின் ஏதேனும் ஒரு வரியில் தம் மனத்தைக் காண்பார். தாம் நகையாட எடுத்துக்கொண்ட ஒருவருக்கே இத்துணை வலிய வாதங்களை வழங்கிய நேர்மை ஜாஹிழுடையது. உலோபியை மூடனாகக் காட்டுவது எளிது. அறிவாளியாகக் காட்டி, அவ்வறிவு எவ்விடத்தில் வழுக்குகிறது என்பதைப் படிப்போரே கண்டுகொள்ளுமாறு விடுவதுதான் அரிது.

அவ்வாறாயின் வழுக்குமிடம் எது? முதலாவது, அவருடைய வகுத்தற் கணக்கு. முப்பதை ஆறால் வகுத்தால் ஐந்து என்பதில் பிழையில்லை. ஆனால் அக்கணக்கு எப்பொழுது பிறந்தது? மஅபத் எடுத்துரைக்கும் நிபந்தனைப் பட்டியலில் சாணம் உண்டு, மாதுளைத் தோல் உண்டு, தலைக்கணக்கு இல்லை. வீடு முப்பது திர்ஹத்துக்குப் பேசப்பட்ட வீடு. புதியவர் இருவரைக் கண்ட பின்னரே அது ஆறு தலைகளின் வாடகையாக மாறுகிறது. அறுவரில் ஒருவர் ஊர் சென்றிருப்பின் கிந்தீ இருபத்தைந்து பெற்றுக்கொண்டு ஐந்தைத் திருப்பித் தந்திருப்பாரா? ஏறுவதற்கு மட்டும் படியுள்ள கணக்கு இது, இறங்குவதற்குப் படியில்லை.

இரண்டாவது, கடிதம் சொல்லாமல் விட்டது. ஆட்கள் கூடினால் வரும் நட்டமனைத்தையும் கிந்தீ நுணுகி எண்ணினார். ஆட்கள் கூடினால் சட்டியும் கூடும். சட்டி கூடினால் அகப்பையும் கூடும். கொட்டையும் தோலும் கூடும். இவ்வரவு அவர் ஏட்டில் ஏறவே இல்லை. நிபந்தனைப் பட்டியலைக் கடிதத்துக்கு முன்னே வைத்த ஜாஹிழின் அமைப்புத் திறனை இவ்விடத்தில் வியக்கிறோம். பட்டியலை நினைவில் வைத்துக் கடிதத்தைப் படிப்பவர், செலவுப் பக்கம் மட்டும் எழுதப்பட்ட கணக்கேடு இது என்பதைத் தாமே உணர்வர். ஆசிரியர் குறுக்கிட்டு ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை.

இனி, இவ்வழக்கைப் பிக்ஹுக் கலையின் முன் வைத்துப் பார்த்தல் தகும். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பைக் கூறுகிறது. வாடகைக்கு எடுத்தவர் தாமே குடியிருக்கலாம். தம்மையொத்த பிறரையும் குடிவைக்கலாம். கொல்லர், துணியடித்து வெளுப்போர் போன்று கட்டடத்துக்கு ஊறு செய்யும் தொழிலுடையோரைக் குடிவைத்தலாகாது. ஹனபி மத்ஹபின் ‘ஹிதாயா’வும் இக்கருத்துக்கு அணித்தாகவே பேசுகிறது. மின்ஹாஜின்படி, வீட்டின் திறவுகோலை ஒப்படைப்பது உரிமையாளர் மீது கடமை. பழுது பார்த்தலும் அவரைச் சார்ந்ததே. முற்றத்துக் குப்பையை அகற்றுவது குடியிருப்பவரைச் சார்ந்தது. வாடகையோ உடன்படிக்கையின்போதே அறியப்பட்டதாக இருக்க வேண்டும். இடையில் ஒருவர் தனித்து உயர்த்துவதற்கு இடமில்லை.

இவற்றைத் தொகுத்து நோக்கின் நமக்குத் தோன்றுவது இது. படி தேய்வதும் கதவு தளர்வதும் குடியிருப்பின் இயல்பான விளைவுகள். அவற்றுக்கு ஈடாகவே வாடகை பெறப்படுகிறது. பயன்பாட்டுக்கு ஒரு விலையும், பயன்பாடு பதித்த தடத்துக்கு மற்றொரு விலையும் கேட்பது முறையன்று. மாறாக, இத்துணைப் பேருக்கு இவ்வாடகை, கூடினால் இவ்வளவு என முதலிலேயே பேசியிருப்பின் கிந்தீயைக் குறைகூற இடமிராது. அவர் குற்றம் கேட்டதிலன்று; கேட்ட காலத்தில்தான்.

மஅபத் முற்றிலும் தூயவரோ எனின், அதுவும் அன்று. விருந்தினரின் உரிமை மூன்று நாட்கள். அதற்கு மேற்பட்டது தருமம். விருந்தளிப்பவர் இடர்ப்படுமளவு விருந்தினர் தங்கலாகாது என நாயகம் (ஸல்) அவர்கள் நெறிப்படுத்தியுள்ளார்கள். ஓரிரு இரவென்று சொன்ன கிந்தீ அவ்வளவையும் எட்டவில்லை. ஒரு மாதமென்ற மஅபத் அதனைப் பன்மடங்கு கடந்துவிட்டார். மாதக் கணக்கில் தங்குபவர் விருந்தினருமல்லர், குடியிருப்பவருமல்லர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அந்த மனிதர்மேல் ஜாஹிழின் பார்வை விழுந்ததே இப்பகுதியின் தனிச்சிறப்பு. ஆனால் குறையும் அங்கேதான் உள்ளது. தந்தையும் மகனுமாக வந்த அவ்விருவரும் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. எதன் பொருட்டு நகருக்கு வந்தனர், வேறிடம் தேடினரா, தம்மால் வாடகை ஏறியதைக் கேட்டு எவ்வாறு கூசினர் என்பவை நமக்குச் சொல்லப்படவில்லை. வழக்குக்குக் காரணமானவர்களே வழக்கில் ஊமைகளாகி விட்டனர்.

அவ்விருவரை நம் வாசகக் குடும்பங்கள் நன்கறியும். ஊரிலிருந்து படிப்புக்கோ வேலைக்கோ சென்னை செல்லும் பிள்ளை முதலில் இறங்குவது உறவினர் அறையிலன்றோ? 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலைச் சூழ்ந்த திருவல்லிக்கேணித் தெருக்களின் மேன்ஷன்களிலும், மண்ணடியின் மாடியறைகளிலும் ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கே நடைமுறை. கடல் கடந்து துபையின் தேரா பகுதிக்குச் செல்வோர், கட்டில் ஒன்றின் இடத்தைப் பெட் ஸ்பேஸ் என வாடகைக்கு எடுத்து, தம் வாழ்நாளின் பல ஆண்டுகளை அதில் கழிக்கின்றனர். வேலைக்கு நடந்தே செல்லலாம், பள்ளிவாசல் அருகில், சாப்பாட்டுக் கடை கீழ்த்தளத்தில் என்பதற்காகவே நெருக்கத்தைப் பொறுக்கின்றனர். தலைக்கணக்கு தன்னளவில் தீங்கன்று; பலர் கூடிப் பகிர்வதாலேயே ஏழைக்கு நகர நடுவில் இடம் கிடைக்கிறது. முதலில் ஒரு கணக்கும் பின்னர் ஒரு கணக்குமாக மாறும்போதே அது அநீதியாகிறது.

முஸ்லிம் என்ற பெயரைக் கேட்டதும் வீடு இல்லை எனக் கதவடைப்போர் நகரங்களில் உள்ளனர் என நாம் வருந்துகிறோம், அவ்வருத்தம் நியாயமானது. கதவடைக்கப்பட்டவர்கள் வேறு வழியின்றி நம்மவர் வீடுகளையே நாடி வருகின்றனர். வேறு போக்கிடம் அவர்களுக்கு இல்லை என்பதை அறிந்தே நம்முள் சிலர் வாடகையை இடையில் ஏற்றுவதும், முன்பணத்திற் பிடித்தம் செய்வதும் நிகழ்கின்றன. அவ்விடத்தில் கிந்தீ ஒரு பழங்கதை மாந்தராக இல்லை; நம்மிடையே, நம் பள்ளிவாசலின் தொழுகை வரிசையில் நிற்கிறார். அவ்வாறே, இருவருக்கெனப் பேசிய அறையில் ஐவரை ஏற்றி, கேட்டால் தம்பி, மச்சான் என்று சொல்லித் தட்டிக் கழிப்போரும் அவ்வரிசையிலேயே நிற்கின்றனர்.

இதற்குரிய மருந்து எழுத்தும் சாட்சியும்தாம். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்தது. எழுத்து மூலமான ஒப்பந்தத்தை அது வேண்டுகிறது. மாற்று உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்கிறது. உள்வாடகைக்கு விட உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்தையும் விதிக்கிறது. தவணையுள்ள கடனை எழுதிக்கொள்ளுமாறு திருமறை பணித்திருக்க, மாதந்தோறும் தொடரும் வாடகையை வாய்ப்பேச்சில் விடுவது நமக்குத் தகுமா? எத்தனை பேர், எவ்வளவு வாடகை, விருந்தினர் எத்தனை நாள், பழுது யார் பொறுப்பு என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் கிந்தீக்கும் மஅபதுக்கும் இடையில் சீட்டுகள் பறக்க வேண்டியிருந்திராது.

உலோபிகளின் நூல் வெறும் நகைப்புக்குரியதன்று. வீட்டுக்காரர் அதனைப் படித்தால் தம் வாதத்தின் ஓட்டையைக் காண்பார். குடியிருப்பவர் படித்தால் எதிர்த்தரப்பின் நியாயத்தைக் காண்பார். இருசாராருக்கும் ஒரே பக்கத்தில் பாடம் வைத்த நூல் அது. அரபு கற்றோர் இதனைத் தமிழில் முறையாக எடுத்துரைத்தால் நம் குடும்பங்கள் அதனால் பயனடையும்.