செயலறிவும் உரைமரபும்

திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பது மரபு. மணக்குடவருக்குப் பின்னர்ப் பரிமேலழகர் வந்தார்; 1949இல் மு. வரதராசனாரின் தெளிவுரை தோன்றிற்று. நூல் ஒன்றாயிருக்க உரைகள் பலவானது ஏன்? சொற்பொருள் அறிவு மட்டுமே போதுமாயின் முதல் உரையோடு பணி முடிந்திருக்கும். இவ்வினாவிற்கு விடை காணக் கிரேக்கச் சிந்தனை துணை செய்கிறது.

நிக்கோமாக்கிய அறவியல் என்னும் நூலின் ஆறாம் பகுதியில் அரிஸ்டாட்டில் அறிவை வகைப்படுத்துகிறார். என்றும் மாறாதவற்றை அறிவது ஒன்று. பொருள்களைச் செய்யும் தொழில்திறன் மற்றொன்று. இவ்விரண்டினும் வேறானது, இந்த நேரத்தில், இந்த இடத்தில் எது தக்கது எனத் தேரும் செயலறிவு. அதனைப் பிரோனேசிஸ் என்பர். இளைஞர் கணிதத்தில் வல்லவராகலாம். செயலறிவோ பட்டறிவால் மட்டுமே வாய்க்கும் என்பது அவர் கருத்து. பொதுவிதி ஒவ்வொரு நிகழ்வுக்கும் அப்படியே பொருந்தாது என்பதை விளக்க, லெஸ்போஸ் தீவுக் கட்டடத் தொழிலாளரின் ஈய அளவுகோலை ஐந்தாம் பகுதியில் அவர் காட்டுகிறார். கல்லின் வடிவிற்கேற்ப அது வளையும். ஆயினும் அளவுகோலாகவே நிற்கும்.

1923இல் ஹைடெக்கரிடம் அரிஸ்டாட்டிலைப் பயின்ற காடமர் என்னும் செருமானிய அறிஞர், 1960இல் வெளியிட்ட ‘உண்மையும் முறையும்’ என்னும் நூலில் இச்செயலறிவையே பொருள்கோளியலுக்கு முன்மாதிரியாகக் கொண்டார். நூலை முதலில் உணர்ந்து, பின்னர் வாழ்வில் பொருத்துவது என்பதில்லை. பொருத்துதல் உணர்தலின் உள்ளேயே அடங்கியது என்றார். சட்டத்தை வழக்கோடு இயைத்துக் காணும் நடுவரை இதற்குச் சான்றாக்கினார்.

இக்கருத்தின் வன்மையை நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வாழ்வில் வைத்துத் தேரலாம். ரந்தாவ், லிங்கி, பகாவ் ஆகிய வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அக்காலத் தோட்ட வாழ்வில் உரிமம் பெற்ற கள்ளுக்கடையும் ஓர் அங்கமாய் இருந்தது. லயத்துப் பிள்ளைகளுக்குக் ‘கள்ளுண்ணாமை’ அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் என் செய்வார்? குடிப்பவன் இழிந்தவன் என்று சொல்லி முடிப்பது எளிது. ஆனால், அச்சொல் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் தந்தையைச் சுடும், பிள்ளையோ தலைகுனியும்.

இவ்விடத்தில் நூலின் அமைப்பே வழிகாட்டுகிறது. புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்த வள்ளுவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்தார். பரிமேலழகரும் அதனை அரசின் உறுப்புகளைப் பேசும் அங்கவியலில் அடக்கினார். எனவே, கள் தனிமனிதன் குற்றம் மட்டுமன்று. நாட்டின் நலத்தோடும் ஆட்சியின் பொறுப்போடும் பிணைந்தது எனக் கொள்ள இடமுண்டு. அண்டை மாநிலமான சிலாங்கூரில், 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தின்போது தோட்டத் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் ஒன்று. அவர்கள் உரைநூல் கற்று அவ்வாறு கேட்டாரல்லர். வாழ்ந்து அறிந்த செயலறிவே அவர்களைக் கேட்கச் செய்தது. அந்தக் கோரிக்கையை அறிந்தபின் அதிகாரத்தின் பொருட்பால் இடம் புதிய ஒளி பெறுகிறது.

இதனால் நூலை விரும்பியவாறெல்லாம் வளைக்கலாம் என்பது கருத்தன்று. பெற்ற தாயும் வெறுப்பாள் என்று குடிப்பவனையே அவ்வதிகாரம் நேர்நின்று இடித்துரைக்கிறது. பழி முழுவதையும் கடைநடத்தியோர் மேல் ஏற்றிக் குடித்தவனை விடுவிக்கும் உரை, குறளைக் கைவிட்ட உரையாகும். குடித்தவனை மட்டும் பழித்து, கடை வந்த வழியைக் கேளாத உரையோ பாலமைப்பைக் கைவிட்டதாகும். ஈய அளவுகோல் வளைய வேண்டும்; ஆனால் உடையலாகாது.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பழைய கள்ளுக்கடைகளும் மறைந்தன. மதுவோ வேறு வடிவில் தொடர்கிறது. ஆகவே அவ்வதிகாரத்தின் உரையும் முடிந்துவிடவில்லை. தேர்வுக்குரிய பொருளை மனனம் செய்விப்பது தொழில்திறன். தலைகுனிந்த பிள்ளை தலைநிமிர்ந்து குறளைக் கேட்குமாறு உரைப்பதே செயலறிவு. பதின்மர் உரைகளின் வரிசையில் ஒவ்வொரு வகுப்பறையும் ஓர் உரையைச் சேர்க்கிறது. அவ்வுரைக்கு ஆசிரியரே பொறுப்பாளர்.