ராமச்சந்திரன் வரைபடமும் சொந்த எடைமேடையும்

ஜி.என்.ராமச்சந்திரனைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: சென்னையில் வேலை செய்த மேதை, நோபல் கொடுத்திருக்கணும். சரிதான். ஆனால் அவர் பெயரில் இருக்கும் வரைபடம் என்ன வேலை செய்கிறது, இன்றைக்கு அதை எப்படித் தப்பாகப் படிக்கிறார்கள் என்று பேசுவோர் குறைவு. என் குறை அதுதான்.

கொஞ்சம் பின்னணி. புரதப் படிகத்தின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் விழும். அவற்றிலிருந்து எலெக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிட்டு, அதற்குள் அணுக்களைப் பொருத்தினால் மாடல் தயார். கேட்க சுலபம். ஆனால் புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். எக்ஸ் கதிரே அதைச் சிதைக்கும். அதனால் 100 கெல்வின் அளவுக்குக் குளிர வைப்பார்கள். அதில் சொதப்பினால் தண்ணீர் பனிக்கட்டியாகி 3.9, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராம்களில் வளையம் வளையமாக விழும். அங்கே இருக்கும் புள்ளிகளை நம்ப முடியாது. ஆகவே இந்தத் துறையில் முதல் கேள்வியே, "டேட்டா எவ்வளவு நல்லது?" என்பதுதான்.

அதற்கு வெகுகாலம் ஆர்-மெர்ஜ் என்ற எண்ணைப் பார்த்தார்கள். ஒரே புள்ளியைப் பலமுறை அளந்தால் அளவுகள் எவ்வளவு முரண்படுகின்றன என்பது அதன் கணக்கு. வேடிக்கை என்னவென்றால், அதிக முறை அளந்தால் சராசரி மேம்படும், ஆனால் ஆர்-மெர்ஜ் ஏறும்! அதைப் பார்த்து நல்ல டேட்டாவை வெட்டி எறிந்தவர்கள் ஏராளம். 2012-இல் கார்ப்ளஸும் டீடரிக்ஸும் சிசி-ஹாஃப் என்ற அளவை முன்வைத்தார்கள்: அளவுகளை இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது. நல்ல முன்னேற்றம். ஆனாலும் டேட்டா தனக்குத்தானே சொல்லும் சாட்சிதான் அது.

அந்தச் சாட்சி எங்கே கைவிடும் என்பதற்கு 2006-இல் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவில் ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஜெஃப்ரி சாங்கின் குழு, எம்எஸ்பிஏ முதலான சவ்வுப் புரதங்களைப் பற்றிய 5 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. காரணம், அவர்களே வைத்திருந்த ஒரு சின்ன புரோகிராம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஜோடி உண்டு. ஜோடிக்குள் இருக்கும் நுண்ணிய வித்தியாசத்தின் குறியை வைத்துத்தான் அமைப்பு இடக்கையா வலக்கையா என்று தெரியும். புரோகிராம் அந்த ஜோடியை இடம் மாற்றிவிட்டது. கோடு எழுதிப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு வயிறு கலங்கும் விஷயம். எல்லா அளவுகளும் ஒரே மாதிரி மாறியதால், டேட்டாவின் உள் ஒற்றுமையைப் பார்க்கும் எந்த எண்ணும் இதைக் காட்டிக் கொடுக்காது. லோக்கரின் சூரிக் குழு வெளியிட்ட இன்னொரு புரதத்தின் அமைப்போடு ஒத்துப்போகாதபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் லாரிக்காரரைக் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடுவார்: சரக்கு ஏற்றியவர் தன் எடைமேடையில் போட்ட சீட்டை அதே மேடையில் திரும்ப நிறுத்துச் சரிபார்க்க முடியாது. வேறு மேடை வேணும்.

ராமச்சந்திரன் வரைபடம் அப்படிப்பட்ட வேறு மேடை. அது பிறந்த விதமே அதற்குச் சாட்சி. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனுக்கு மும்முறுக்கு மாடலை நேச்சரில் வெளியிட்டார்கள். அடுத்த வருடம் அதைத் திருத்தினார்கள். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று கிரிக்கும் ரிச்சும் ஆட்சேபித்தார்கள். அப்படியானால் எவ்வளவு நெருங்கலாம்? ராமச்சந்திரன் அதுவரை தெரிந்த சிறு மூலக்கூறுப் படிகங்களைப் புரட்டி, அணுக்களுக்கு இடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச தூரங்களைத் தொகுத்தார். அதை வைத்து, புரதச் சங்கிலியின் ஃபை, சை என்ற இரண்டு சுழற்சிக் கோணங்கள் எந்த எல்லைக்குள் இருக்க முடியும் என்பதை 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரனுடன் சேர்ந்து வரைந்தார். விமர்சனத்துக்குக் கோபப்படாமல் அளவுகோல் செய்து பதில் சொன்ன கதை இது. அந்த அளவுகோல் எந்தப் புரதத்தின் டேட்டாவிலிருந்தும் வரவில்லை. அதன் பலமே அதுதான்.

இப்போது என் புகாருக்கு வருகிறேன். டேட்டா மங்கலாக இருக்கும்போது, இன்றைய புரோகிராம்கள் மாடலைச் சரிசெய்யும் கட்டத்திலேயே இந்தக் கோணங்களை வரைபடத்துக்குள் தள்ளிவிட முடியும். 3.5 ஆங்ஸ்ட்ராம் டேட்டாவுக்கு அந்த உதவி தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் தள்ளிவிட்டுவிட்டு, "98 சதவீதம் அனுமதிக்கப்பட்ட பகுதியில்!" என்று அட்டவணையில் போடுவது, விடைத்தாளைக் கொடுத்துவிட்டு மதிப்பெண்ணைக் கொண்டாடுவது மாதிரி. வெளி மேடையையும் சொந்த மேடையாக்கிக்கொண்டோம்.

இதற்கும் மருந்து உண்டு. 1997-இல் முன்வைக்கப்பட்டு, 2020-இல் புதுப்பிக்கப்பட்ட ராமா-இசட் மதிப்பு, கோணங்கள் எல்லைக்குள் இருக்கின்றனவா என்பதோடு நிற்காமல், இயற்கையாகப் பரவியிருக்கின்றனவா என்றும் கேட்கிறது. 3-க்கு மேலோ மைனஸ் 3-க்குக் கீழோ போனால் சந்தேகப்படலாம். வலுக்கட்டாயமாகத் தள்ளிய மாடல் இங்கே மாட்டிக்கொள்ளும்.

புரதத் தரவு வங்கியில் இருக்கும் அமைப்புகளுக்குச் சரிபார்ப்பு அறிக்கை இலவசம். அடுத்த முறை திறந்தால் அழகான படத்தையும் 98-ஐயும் தாண்டி, மாடலுக்குக் காட்டாமல் ஒதுக்கிவைத்த புள்ளிகளை வைத்துக் கணக்கிடும் ஆர்-ஃப்ரீயைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு எண்ணிடமும் கேளுங்கள்: இந்த மாடலைக் கட்டும்போது நீயும் கூட இருந்தாயா?