மனநலமும் இனநலமும்

மனநலம் என்பது மருத்துவர் நேற்றுப் படைத்த சொல்லன்று. சிற்றினம் சேராமை அதிகாரத்தில் வள்ளுவர் அதனை ஆண்டுள்ளார். இனநலம் என்னும் சொல்லை அதன் அருகிலேயே வைத்தும் ஆண்டுள்ளார். அவர் கருதியது மனத்தின் நன்மை. இக்காலத்தார் கருதுவது மனத்தின் நோயின்மை. பொருள் சற்று விலகியது உண்மையே. ஆயினும் ஒருவர் மனம் அவர் சேர்ந்து வாழும் கூட்டத்தோடு பிணைந்தது என்னும் கருத்து அவ்வதிகாரம் முழுவதும் ஓடுகின்றது. இன்று மனநலம் பரப்பப் புறப்படுவோர் முதற்சொல்லை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டனர்.

மலாக்கா மாநிலத்தில், அலோர் காஜா மாவட்டத்துக் கடலோர ஊர் கோலா சுங்கை பாரு. இத்தகைய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பால்மரம் வெட்டியவர்களின் மக்கள் ஆலை வேலைக்கும் பட்டணத்துக்கும் சென்றனர். தமிழர், மலாய்க்காரர், சீனரோடு செம்பனை வேலைக்கு வந்த இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் உள்ளனர். தலைநகரில் எழுதித் தமிழில் பெயர்த்த துண்டு வெளியீடு இங்கு என்ன செய்யும்? மனச்சோர்வு, மனப்பதற்றம் என்று அச்சிட்டால் தமிழாசிரியர்க்கு விளங்கும். லயத்து வீட்டு மூதாட்டியோ, "மனசு சரியில்லை", "யோசனை ஓயலை", "நெஞ்சு அடைக்குது" என்பார். வெளியீட்டில் தம்மை அவர் காணமாட்டார். அவர் பேச்சைத் திருத்த முற்படுவோர் நோயையும் கேளாது போவர்.

2015ஆம் ஆண்டு மலேசிய நலக் கணக்கெடுப்பு, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 29.2 விழுக்காட்டினர்க்கு மனநலச் சிக்கல் உண்டெனக் கண்டது. தற்கொலை பற்றிய ஆய்வுகள் பலவற்றில் இந்தியர் விகிதமே மிகுந்து நின்றது. இவ்வளவும் அறிந்திருந்தும், தண்டனைச் சட்டத் தொகுப்பின் 309ஆம் பிரிவு, உயிர் விட முயன்று பிழைத்தவர்க்கு ஓராண்டுச் சிறைவரை விதித்து வந்தது. நாடாளுமன்றம் 2023இல்தான் அதனை நீக்கிற்று. பேசுங்கள் என்று அழைப்பதும், பேசினால் வழக்கு என்று அச்சுறுத்துவதும் ஒரே நாட்டில் நடந்தன. மக்கள் வாய் மூடியிருந்ததை அறியாமை என்று எழுதியவர்கள் இச்சட்டத்தை நினைத்தார்களா?

ஜிம்பாப்வே நாட்டு ஹராரே நகரில் வேறுவகை முயற்சி நடந்தது. மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி அளித்து, மருத்துவ நிலையத்துக்கு வெளியே மரப்பலகையில் அமர்ந்து மக்கள் குறை கேட்கச் செய்தார். அவர் முதலில் இட்ட பெயர் 'மனநலப் பலகை'. எவரும் அதனை நாடவில்லை. பாட்டிமார்களே அதனை 'நட்புப் பலகை' என மாற்றச் சொன்னார்கள். நோய்க்கும் ஊர்ச்சொல்லே வழங்கிற்று: 'குஃபுங்கிசிசா', மிகையாக எண்ணுதல். நம் மூதாட்டியின் "யோசனை ஓயலை" என்பதற்கு அது எவ்வளவு அண்மையது! 573 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், பலகையில் பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் நோய்க்குறிகள், வழக்கமான மருத்துவம் பெற்றவர்களைக் காட்டிலும் குறைந்திருந்தன. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும், போர்க்காலத் துயரில் குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயமுற்றன என்று கொண்டவர்.

எனினும் ஹராரேயைக் கண்டு மலாக்காத் தோட்டத்திலும் ஒரு பலகை போட்டால் போதுமென எண்ணுதல் மற்றொரு மொழிபெயர்ப்பே. இங்கு அப்பாட்டியின் இடம் யாருக்கு உரியது? ஒரு காலத்தில் தோட்டத்துப் பள்ளி ஆசிரியர் கடிதம் எழுதிக் கொடுத்தார். வீட்டுத் துன்பமும் அவர் காதுக்கு வந்தது. இன்று ஆசிரியர் பலர் பட்டணத்திலிருந்து வந்து பிற்பகலில் திரும்புகின்றனர். கோயில் நிர்வாகக் குழு உண்டு. ஆனால் "சமூகத்தைக் கலந்தோம்" என்று அறிக்கை எழுதுவோர் பெரும்பாலும் கலந்தது தலைவரையும் செயலாளரையுமே. குடித்து அடிக்கும் கணவன் உறுப்பினனாக உள்ள குழுவின் முன் மனைவி வாய் திறப்பாளோ? ஒரே முதலாளியோடு வேலை அனுமதி கட்டப்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளி, தோட்ட அலுவலகத்தில் வைத்துக் கேட்டால் "நலமே" என்றுதான் சொல்வான்.

பெண்களைத் தனியே, அயல்நாட்டாரை அவர் மொழியில், இளைஞரைப் பந்துத் திடலில் கேட்க வேண்டும். கேட்டதை எழுதி அவர்களுக்கே படித்துக் காட்டி, "இது எங்கள் பேச்சு இல்லை" என்று அவர்கள் தள்ளும் வரிகளை நீக்க வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகும். துண்டு வெளியீட்டுக்கு ஒரு வாரம் போதும். ஆண்டு முடிவதற்குள் திட்டப் பணம் செலவாகியே தீரவேண்டும் என்னும் நிலை உள்ளவரை அலுவலகங்கள் பின்னதையே தேடும்.