மந்தைவெளியும் மவாத்தும்

நம் கவியரங்குகளில் மரத்தைப் பாட எழுகின்ற கவிஞர் எவராயினும், அவர் கவிதைக்குள் கோடரி ஏந்திய ஒருவன் தவறாமல் வந்து நிற்கிறான். அவன் வெட்டுகிறான், மரம் அழுகிறது, பறவை கூடிழந்து பறக்கிறது, அரங்கில் கைதட்டல் எழுகிறது. இக்கவிதைகளின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், பெருகிவரும் நகரங்களில் பசுமை எவ்வாறு மறைகிறது என்பதை அறிந்து பாடப்பட்டவையா அவை என்று வினவினால், இல்லை என்றே விடை கூற வேண்டியிருக்கிறது. கோடரிக்காரன் கடைசியில் வருகிறவன். அவன் வருவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே அந்நிலத்தின் கதை ஏதோவொரு கோப்பில் முடிக்கப்பட்டுவிடுகிறது. முடித்தவரும் பெரும்பாலும் நல்லவராகவே இருக்கிறார். சிக்கலே அங்குதான் இருக்கிறது.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். இன்று சென்ட்ரல் இரயில் நிலையம் நிற்கும் இடத்தை அடுத்து, ஆளுநர் டிரெவெல்யானின் காலத்தில், 1859ஆம் ஆண்டையொட்டி, பீப்பிள்ஸ் பார்க் என்னும் மக்கள் பூங்கா உருவாயிற்று. அதன் பரப்பு 116 ஏக்கர். குளங்களும் நடைபாதைகளும் கொண்ட அப்பூங்காவில் பின்னர் விலங்குக் காட்சிசாலையும் இடம்பெற்றது. 1880களில், நகர மக்கள் கூடிப் பேச ஒரு மன்றம் வேண்டுமென்று அதில் ஒரு துண்டு எடுக்கப்பட்டு, விக்டோரியா மண்டபம் எழுந்தது. 1900இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வந்தது. பின்னர் விளையாட்டரங்கம் வந்தது. இவற்றுள் எதனைத் தீய காரியம் என்று சொல்வது? மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் எத்தனை ஏழை மாணவர்கள் அறிவு தேடினர் என்பதை அறிந்தோர் அதனைப் பழிக்க நா எழுப்பமாட்டார்கள். ஆனால் 1985இல் அந்த மார்க்கெட் தீக்கிரையானபோது அந்நிலம் மீண்டும் பூங்காவாகிவிடவில்லை. புறநகர் இரயில்களின் முனையமாயிற்று. அதுவும் தேவையான ஒன்றே! மன்றத்துக்காகப் பேச ஒரு குழு இருக்கிறது; சந்தைக்காகப் பேச வணிகர் இருக்கின்றனர்; இரயிலுக்காகப் பேச ஓர் இலாகாவே இருக்கிறது. நிழலுக்காகப் பேச எவரும் இருப்பதில்லை. 116 ஏக்கரின் எச்சமாக இன்று எஞ்சியிருப்பவற்றுள் மை லேடீஸ் பூங்கா ஒன்று.

ஃபிக்ஹு நூல்களை ஓதியோர் 'இஹ்யாவுல் மவாத்' என்னும் பாடத்தை அறிவர். மவாத் என்பது இறந்த நிலம். எவருடைய உடைமையும் அல்லாத, எவரும் பயன்கொள்ளாத தரிசு. அதனை உழுதோ நீர் பாய்ச்சியோ உயிர்ப்பிப்பவனுக்கு அதில் உரிமை பிறக்கும். ஆனால் அந்தச் சட்ட மேதைகள் அத்துடன் நின்றுவிடவில்லை. கிணற்றைச் சுற்றியும் ஊரைச் சுற்றியும் 'ஹரீம்' என்றோர் எல்லையை வகுத்தார்கள். ஊராரின் ஆடுமாடுகள் மேயவும், விறகு பொறுக்கவும், மக்கள் வந்துபோகவும் வேண்டிய அந்த இடம் பார்வைக்கு வெறுமையாக இருக்கலாம்; ஆயினும் அது மவாத் அன்று. எவரும் அதனை உயிர்ப்பித்தோம் என்று சொல்லித் தமதாக்கிக்கொள்ள இயலாது. உடைமையாளன் இல்லாமை வேறு, பயன் இல்லாமை வேறு என்ற இந்த நுட்பம் நம் நகர அமைப்பாளர்களின் கைக்கு எட்டவில்லை.

தமிழுக்கும் இது புதிதன்று. மயிலாப்பூரை ஒட்டிய மந்தைவெளி, பெயருக்கேற்ப மந்தை மேய்ந்த வெளி. வரிக்கணக்குக்குப் புறம்பாக நிறுத்தப்பட்ட பொது நிலத்தைப் புறம்போக்கு என்றனர். இன்றோ அச்சொல் தெருச்சண்டையில் வீசப்படும் ஏச்சு. 2017இல் டி. எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த 'சென்னை புறம்போக்கு பாடல்', எண்ணூர்க் கழிமுகத்தை முன்னிறுத்தி, அச்சொல்லை அதன் பழைய பொருளுக்கு மீட்க முயன்றது. கோடரியை விடுத்துச் சொல்லைப் பிடித்த அம்முயற்சியை நம் கவிஞர்கள் கவனிக்கத் தகும்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் கழுவெளி என்பது வழக்கு. வேளச்சேரியும் பெருங்குடியும் அதன் ஓரமாக வளர்ந்தன. ஊரின் ஹரீமாக, மழைநீர் தங்கிச் செல்லும் இடமாக இருந்ததை மவாத் என்று கொண்டுவிட்டார்கள். பெருங்குடிப் பக்கத்தில் நகரத்துக் குப்பை கொட்டப்பட்டது. கடலை ஆராயும் தேசிய நிறுவனமும் காற்றாற்றலை ஆராயும் தேசிய நிறுவனமும் பள்ளிக்கரணையிலேயே இடம்கொண்டன. கடலையும் காற்றையும் ஆராய்வோர்க்குச் சதுப்பு நிலம் கண்ணில் படவில்லை போலும்! 2015 டிசம்பரில் வேளச்சேரித் தெருக்களில் படகு விட்டபோதுதான் அந்த வெளியின் வேலை என்ன என்பது பலருக்கும் புரிந்தது. 2022இல் அதில் 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

இனிப் புதிய குடியிருப்புகளின் கணக்கைப் பார்ப்போம். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டதாயின், சாலை நீங்கலாக உள்ளதில் பத்தில் ஒரு பங்கைத் திறந்த வெளியாக ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 3,000 முதல் 10,000 வரையாயின், நிலத்துக்கு ஈடாகப் பணம் செலுத்திவிடலாம். 3,000க்கு உட்பட்டால் எக்கடமையும் இல்லை. ஆகவே, ஒரு தோப்பு சிறு சிறு துண்டுகளாகக் கைமாறி வீடுகளாகும்போது, எவரும் எவ்விதியையும் மீறாமலேயே ஒரு முழுப் பேட்டையும் விளையாட ஓரிடமின்றி எழுந்துவிடுகிறது. மாலைப் பாடம் முடித்து வெளிவரும் நம் பிள்ளைகள் இரு சக்கர வண்டிகளுக்கு இடையே பந்தை உதைப்பது இதனால்தான். ஈடாகப் பெற்ற பணம் எவ்வளவு பெரிதாயினும், வீடுகள் நெருங்கிவிட்ட தெருவில் அதைக்கொண்டு நிலம் வாங்குவது எங்ஙனம்?

மற்றொன்றும் கூற வேண்டும். திறந்த வெளியை ஒப்படைக்கும் ஆவணத்துக்குத் தானப் பத்திரம் என்று பெயர். ஊரின் ஹரீமை ஊருக்கு விடுவது கடமை. அதைத் தானம் என்று எழுதி வாங்குகிறோம். தானம் கொடுத்தவர் நன்றியை எதிர்பார்ப்பது இயல்பு. பல மனைப்பிரிவுகளில் அவ்விடம் மின்மாற்றிக்கும் நீர்த்தொட்டிக்கும் போக எஞ்சிய மூலையாக இருப்பதைக் கண்டு நாம் வாய்திறவாதிருப்பதும் அந்த நன்றியுணர்வினால்தானோ?

அடுத்த கவியரங்கில் மரத்தைப் பாட இருப்போர், அதற்கு முன்பாகத் தத்தம் தெருவில் அந்தப் பத்தில் ஒரு பங்கு எங்கே இருக்கிறதென்று ஒரு மாலைப்பொழுது தேடிப் பார்த்துவிட்டு வருவார்களாயின், கேட்க நாம் முன்வரிசையில் அமர்ந்திருப்போம்.