உதவித்தொகை என்கிற சொல்

உதவித்தொகை, ஊக்கத்தொகை, மதிப்பூதியம். பல்கலைக்கழகச் சுற்றறிக்கைகளில் திரும்பத்திரும்ப வரும் இச்சொற்களை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கலாம். மூன்றும் பணத்தைக் குறிப்பவை. மூன்றிலும் உழைப்பு மறைந்துகிடக்கிறது. உதவி என்றால் கொடுப்பவரின் கருணை. ஊக்கம் என்றால் பெறுபவரிடம் உள்ள குறை. அவரைத் தட்டியெழுப்ப வேண்டியிருக்கிறதாம். மதிப்பு என்றால் பணம் குறையும் இடத்தை நிரப்ப வருவது. கூலி என்று சொல்லிவிட்டால் எந்த வேலைக்கு, எத்தனை மணி நேரத்துக்கு, எந்தத் தேதிக்குள் என்று கேள்விகள் எழும். அவற்றை எழவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இச்சொற்களின் வேலை.

வள்ளுவருக்குக் கூலி என்று சொல்வதில் கூச்சம் இருந்ததில்லை. ஆள்வினையுடைமை அதிகாரத்தில் (குறள் 619) உடல் வருந்தி முயன்றதன் பலனுக்கு அவர் தரும் பெயர் அதுவே. அந்தக் குறளைப் பாடமாக நடத்துகிற தமிழ்த்துறைகளில்தான் கூலி கேட்பது அநாகரிகமாகிவிடுகிறது.

நான் எம்.ஏ. படித்த துறையில் ஒரு சொல்லடைவுத் திட்டம் நடந்தது. நாங்கள் ஐந்து பேர் மாலை வேளைகளில் தட்டச்சு செய்தோம், மெய்ப்புப் பார்த்தோம். மாதம் ஆயிரம் ரூபாய் என்று பேச்சு. நான்கு மாதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. போய்க் கேட்டால், "படிக்கிற பிள்ளைங்களுக்கு ஏம்ப்பா காசு மேலயே கண்ணு? இதெல்லாம் ஒரு பயிற்சிதானே" என்று பதில். நூல் வெளிவந்தபோது முன்னுரையில் 'உதவிய மாணவர்களுக்கு' நன்றி இருந்தது. பெயர்கள் இல்லை.

இங்கு என் சொந்தப் புகாரைவிட அந்தப் பதிலின் தர்க்கமே கவனிக்கத்தக்கது. தெருவில் போலீஸ்காரர் 'ஏய்' என்று கூப்பிட, திரும்பிப் பார்க்கிறவன் அந்தத் திரும்பலிலேயே கருத்துநிலைக்கு உட்பட்ட தன்னிலையாகிவிடுகிறான் என்று அல்தூசர் 1970இல் எழுதினார். 'படிக்கிற பிள்ளை' என்பதும் அப்படியொரு விளிப்பு. அதற்குத் திரும்பிப் பார்த்த கணத்தில் உழைத்தவர் காணாமல் போகிறார், மாணவர் மட்டும் மிஞ்சுகிறார். மாணவருக்குப் பாக்கி எப்படி இருக்க முடியும்?

ஒரு பேராசிரியரின் வாய்ப்பேச்சோடு இது முடிவதில்லை. சட்டமே இப்படித்தான் பேசுகிறது. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளர் அல்ல என்கிறது. அச்சட்டமே அனுமதிப்பவை போக, மற்றத் தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. பக்கத்து மெஷினில் நிற்பவர் தொழிலாளி, இவர் மாணவர். 2019இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிப் பழகுநருக்கு நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 9,000 ரூபாய்.

ஆய்வு மாணவர் நிலையும் இதுதான். நெட் தேர்வு வழியாக உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் மாதம் 8,000 ரூபாய் கொடுத்தார்கள். அதையும் நிறுத்த 2015 அக்டோபரில் யு.ஜி.சி. முடிவெடுத்தபோது, மாணவர்கள் டெல்லியில் அதன் அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். தொகை தப்பியது, உயரவில்லை. 2023இல் ஜே.ஆர்.எஃப். 37,000 ஆக்கப்பட்டபோதும் இந்த 8,000 அசையவில்லை. ஒரே நூலகம், ஒரே ஆய்வுக்கூடம், ஒரே மாதிரி உழைப்பு. கேட்டால் அது சம்பளம் இல்லையே, உதவிதானே என்பார்கள்.

இந்த 'உதவி' தாமதமாவது எல்லோரையும் ஒரேபோலத் தாக்குவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது எரிச்சல். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் தலித் மாணவருக்கு அது மெஸ் பாக்கி, ஊருக்கு அனுப்ப முடியாமல் போன பணம். ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா, 2016 ஜனவரி 17 அன்று இறப்பதற்கு முன் எழுதிய கடிதத்தில், ஏழு மாத உதவித்தொகையான 1,75,000 ரூபாய் தனக்கு வரவேண்டியிருப்பதைக் குறிப்பிட்டார். அது தன் குடும்பத்துக்குப் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டார். அக்கடிதத்தின் மற்ற பகுதிகளை நாம் அதிகம் பேசியிருக்கிறோம். இந்தக் கணக்கையும் வாசிக்க வேண்டும். உதவிக்கு யாரும் பாக்கிக் கணக்கு எழுதுவதில்லை. அவர் எழுதியது உரிமைக் கணக்கு.

மாணவர் எப்படித் தொழிலாளி ஆவார் என்று கேட்கிற தோழர்கள் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் அமெரிக்கத் தேசியத் தொழிலுறவு வாரியம் 2016இல் இதற்கு விடை சொன்னது: ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்கலாம். 2022இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்கள் உள்ளிட்ட சுமார் 48,000 கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றார்கள். அவர்கள் படிப்பை விட்டுவிடவில்லை. 'படிக்கிறவர்கள்தானே' என்ற விளிப்புக்குத் திரும்பிப் பார்க்க மறுத்தார்கள்.

நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டியிருக்கிறது. சிறுபத்திரிகைகளுக்கு மெய்ப்புப் பார்ப்பவர், மொழிபெயர்ப்பவர், கருத்தரங்கில் நாற்காலி போட்டுப் புத்தகக்கட்டு தூக்குபவர் பெரும்பாலும் யாரோ ஒரு மாணவர். அவருக்கு நாம் தருவது ஒரு டீயும் 'தோழர்' என்ற சொல்லும். பணமில்லை என்பது உண்மைதான். பணம் இல்லாத நிலையைக் கொள்கையாக மாற்றிப் பேசுவதுதான் சிக்கல். பக்கத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டிப் பேசுவோம்; கொடுக்க முடியாதபோது அதைப் பாக்கி என்றே எழுதிவைப்போம். அந்தக் கணக்குக்கூட இல்லாமல் பல்கலைக்கழகத்தின் அதிகாரத்தை நாம் கட்டுடைத்து எழுதும் கட்டுரைகளை, மெய்ப்புப் பார்க்கிற மாணவர் எப்படி வாசிப்பார்?